இவருக்குப் பதில் இவர்

பிளாக் சபாத் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'அன்னோ டொமினி' ஆல்பத் தொகுப்புப் பெட்டி 2024 மே 31 அன்று வெளிவந்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. பிற்காலத்தில் மாற்றுப் பாடகராக வந்த டோனி மார்ட்டின் பாடிய ஹெட்லெஸ் கிராஸ், டிர், கிராஸ் பர்ப்பசஸ், ஃபர்பிடன் ஆகிய நான்கு ஆல்பங்களும் பல வருடங்களாகக் கடையிலும் இல்லை, ஸ்ட்ரீமிங்கிலும் இல்லை. பழைய சிடி யாரிடமாவது இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் தேடி அலைய வேண்டியதுதான். அவை ஒரே பெட்டியில் திரும்பி வருகின்றன என்றால் நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் அதே வாரத்தில் எனக்குத் தெரிந்த ராக் ஆசாமிகள் எல்லாரும் "மார்ட்டின் காலம் தங்கம்ப்பா, நான் அப்பவே சொன்னேன்" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். எப்போது சொன்னீர்கள், யாரிடம் சொன்னீர்கள்? தொண்ணூறுகளில் மார்ட்டின் பெயரை எடுத்தாலே "அது சபாத்தா?" என்று முகத்தைச் சுளித்தவர்கள்தானே நீங்கள்? கிடைக்காமல் போனதாலேயே ஒரு பொருளுக்கு மதிப்பு கூடிவிடுவது சரிதான், அதற்காக அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியதாகப் பழைய கதையையும் சேர்த்துத் திருத்த வேண்டுமா?

என் சிக்கல் வேறு மாதிரி. மாற்று ஆள் பாடிய சபாத்தை நான் தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. எனக்கு முதலில் கிடைத்த சபாத்தே அதுதான்.

1989-இல் ஹெட்லெஸ் கிராஸ் வந்தபோது நான் உயர்நிலைப் பள்ளியில் இருந்தேன். பெரியப்பா வீடு சிங்கப்பூரின் அங் மோ கியோவில், எங்கள் புளோக்கிலிருந்து நடக்கிற தூரம். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருந்தார். வாரக் கடைசியில் மொட்டைத் தலையோடு முகாமிலிருந்து வந்து, இடுப்பு வரை முடி வளர்த்த வெள்ளைக்காரர்களின் பாட்டைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார். பங்க் என்கிற முகாம் அறையில் கூட இருந்த மலாய் நண்பர் ஒருவர் அவருக்கு ஒரு கேசட்டைப் பதிவு செய்து கொடுத்திருந்தார். கடையில் வாங்கிய கேசட் இல்லை, வெற்று டிடிகே. உள்ளே இருக்கும் அட்டையில் நீலப் பேனாவால் குழுவின் பெயரும் ஆல்பத்தின் பெயரும் மட்டும் எழுதியிருந்தது. யார் பாடியது, யார் டிரம்ஸ், எந்த வருடம், ஒன்றும் கிடையாது. ஆகவே எனக்கு அதில் ஒரே ஒரு தகவல்தான்: இது பிளாக் சபாத்.

முதலில் ஒரு நிமிடம் போல வெறும் இரைச்சல் வரும். காற்றா, கூட்டமா, எதுவென்று தெரியாத ஒரு ஓசை. அது அடங்கியதும் டிரம்ஸ் மட்டும் தனியாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஒரு ஆள் நடந்து போகலாம் போல இடைவெளி விட்டு விழும். அப்புறம் கிட்டார். அதற்குப் பிறகு வந்த குரல்தான் என்னைப் பிடித்தது. கீழே தொடங்கி, படிப்படியாக ஏறி, பல்லவியில் உச்சிக்குப் போய் அங்கேயே நின்று அதிரும் குரல். பெரியம்மா சமையலறையிலிருந்து "அந்தச் சத்தத்தைக் குறைங்கடா, பக்கத்து வீட்டு ஆன்ட்டி வந்துரப் போறாங்க" என்று கத்துவார். அண்ணன் ஒரு கோடு குறைப்பார், ஐந்து நிமிடத்தில் இரண்டு கோடு ஏற்றுவார். நான் அந்தக் கேசட்டை இரவல் வாங்கிக்கொண்டு போய், திருப்பிக் கொடுக்காமலே இருந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து, சேர்த்து வைத்த காசில், பெனின்சுலா கடைத்தொகுதிப் பக்கம் போய் என் சொந்தக் கேசட்டாக பாரனாய்ட் வாங்கினேன். அதே குழு, இன்னும் பிரபலமான ஆல்பம் என்றார்கள். வீட்டுக்கு வந்து போட்டேன். அபாயச் சங்கு ஊளையிட்டது, கிட்டார் வந்தது, எல்லாம் நான் எதிர்பார்த்தபடியே கனமாக இருந்தது. அப்புறம் வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கி, தாளத்தட்டு மட்டும் டிக் டிக் என்று கேட்க, ஒரு ஆள் பாட ஆரம்பித்தார். நான் உண்மையிலேயே கேசட்டை வெளியே எடுத்து லேபிளைப் பார்த்தேன். மூக்கால் பாடுகிற, மேலே போகும்போது கிழிந்துவிடுமோ என்று பயமுறுத்துகிற, கிட்டார் என்ன வாசிக்கிறதோ அதையே பின்னாலேயே தொட்டுக்கொண்டு பாடுகிற ஒரு குரல். நான் நினைத்தது இதுதான்: சபாத்துக்கு யாரோ மட்டமான மாற்று ஆளைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அட்டையில் 1970 என்று இருந்ததைப் பார்த்த பிறகுதான் வரிசையே தலைகீழ் என்று புரிந்தது. எனக்கு மூலவராக இருந்தவர் பிற்பாடு வந்தவர், நான் மாற்று என்று நினைத்த ஓஸி ஆஸ்போர்ன்தான் மூலவர்.

உலகத்தில் பெரும்பாலான சபாத் ரசிகர்கள் ஓஸியில் தொடங்கி, அடுத்துப் பாட வந்த ரானி ஜேம்ஸ் டியோவை ஏற்றுக்கொண்டு, அவருக்குப் பின் வந்த இயன் கில்லனைச் சகித்துக்கொண்டு, மார்ட்டினில் வந்து கழன்றுகொண்டவர்கள். நான் மார்ட்டினிலிருந்து பின்னோக்கிப் போனவன். அவர்களுக்கு ஓஸியின் குரலில் வந்த திடுக்கிடல் எனக்கு மார்ட்டினில் வந்தது. அவர்கள் மார்ட்டினைக் கேட்டு அடைந்த ஏமாற்றத்தை நான் ஓஸியைக் கேட்டு அடைந்தேன். அதனால் "எது அசல்" என்று யாராவது மேசையைத் தட்டும்போது, அவர் முதலில் எந்தக் கேசட்டைக் கேட்டார் என்றுதான் எனக்கு விசாரிக்கத் தோன்றும்.

அதற்காக ஓஸி எனக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை என்றில்லை. கொஞ்சம் வயதான பிறகு, முகாமில் காவல் பணி முடித்துத் தூக்கம் வராமல் வாக்மேனில் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், அந்தக் குரலின் கணக்கு பிடிபட்டது. ஓஸி பர்மிங்காமின் ஆஸ்டனில் வளர்ந்தவர், இறைச்சிக் கூடத்தில் வேலை பார்த்தவர், கார் ஹாரன்களுக்குச் சுருதி பார்க்கும் தொழிற்சாலையில் இருந்தவர். அவர் பயத்தைப் பற்றிப் பாடும்போது, அந்தப் பயம் அவரையே பிடித்திருக்கிறது. மார்ட்டின் அதே பயத்தைப் பற்றி எடுத்துச் சொல்கிறார், பிரமாதமாகச் சொல்கிறார், ஆனால் அவர் அதற்கு வெளியே பத்திரமாக நிற்கிறார். இந்த வித்தியாசம் தெரிந்த பிறகும் எனக்கு மார்ட்டின் குறையவில்லை. இதுதான் இன்று வரை ஒரு முடிவுக்கும் வராமல் இழுத்துக்கொண்டிருக்கிறது.

பெயருக்கு வேலை பார்த்தவர்

அம்மா பார்க்கும் சீரியல்களில் திடீரென்று ஒரு நாள் திரையின் ஓரத்தில் எழுத்து வரும்: இவருக்குப் பதில் இனி இவர். நேற்று வரை மருமகளாக இருந்த பெண் போய் இன்று வேறொரு பெண் அதே புடவையில், அதே சமையலறையில் நின்று அழுவார். அம்மா ஒரு வாரம் "இவ சரியில்ல, அந்தப் பொண்ணு முகத்துல ஒரு இது இருந்துச்சு" என்று முணுமுணுப்பார். அடுத்த வாரம் புது மருமகளுக்காக மாமியாரைத் திட்ட ஆரம்பித்துவிடுவார். சீரியலில் இது நடக்கக் காரணம், பாத்திரம் என்று ஒன்று தனியாக இருக்கிறது. ராக் குழுவில் பாத்திரம் எங்கே இருக்கிறது? பாடகரைத் தவிர வேறு எதிலும் இல்லை என்று சிலர், பெயரில் இருக்கிறது என்று சட்டம், கிட்டாரில் இருக்கிறது என்று நான்.

சபாத்தின் எல்லா ஆல்பத்திலும் இருக்கும் ஒரே ஆள் கிட்டார்காரர் டோனி அயோமி. பதினேழு வயதில் தகரப் பட்டறை இயந்திரத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்து, பிளாஸ்டிக் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்தவர். சபாத்தின் சத்தம் அந்தக் கையிலிருந்து வந்தது என்று நான் நம்புகிறேன். ஆனால் அவரே 1986-இல் செவன்த் ஸ்டார் ஆல்பத்தைத் தன் சொந்தப் பெயரில் வெளியிடத்தான் நினைத்திருந்தார். பெயர் இருந்தால்தான் விற்கும் என்ற அழுத்தத்தில் அட்டையில் "டோனி அயோமி இடம்பெறும் பிளாக் சபாத்" என்பது போல ஒரு விசித்திரமான ஏற்பாடு வந்தது. என் கணக்கில் வினை அங்கேதான் தொடங்கியது. அயோமி என்ற பெயரில் வந்திருந்தால் யாரும் யாரையும் ஒப்பிட்டிருக்க மாட்டார்கள்.

மார்ட்டின் உள்ளே வந்த விதத்தைப் பாருங்கள். செவன்த் ஸ்டாரில் பாடியவர் கிளென் ஹியூஸ். சுற்றுப்பயணம் தொடங்கிச் சில நாட்களிலேயே அவர் போய் ரே கில்லன் வந்தார் (முன்னே சொன்ன இயன் கில்லன் வேறு ஆள்). கில்லன் அடுத்த ஆல்பமான எடர்னல் ஐடலை முழுக்கப் பாடிப் பதிவு செய்துவிட்டு விலகினார். அதன் பிறகு மார்ட்டினைக் கூப்பிட்டு, கில்லன் பாடியதை மறுபடி பாட வைத்தார்கள். 1987-இல் வெளிவந்தது மார்ட்டின் குரல். 2010-இல் வந்த விரிவான பதிப்பில் கில்லனின் பதிவையும் சேர்த்துக் கொடுத்தார்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்கலாம். சொல்லும் மெட்டும் கிட்டத்தட்ட ஒன்றே. புதிதாக வேலைக்கு வந்த ஆளுக்கு முதல் நாளே முந்தின ஆளின் சட்டையைக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லி, அப்புறம் அளவு சரியில்லை என்று நாம் குறை சொன்னோம்.

ஹெட்லெஸ் கிராஸில்தான் மார்ட்டின் தானே எழுதினார். அதில் பாட்டுக்குப் பாட்டு சாத்தான், நரகம், சாபம். இவர் பிளாக் சபாத் என்ற பெயரைப் பார்த்ததும் எல்லாம் பிசாசு விஷயம் என்று முடிவு கட்டிவிட்டார், கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொன்னோம், அதனால்தான் அடுத்த ஆல்பமான டிரில் வடதேசத்துத் தெய்வங்கள் பக்கம் போனார் என்ற பொருளில் அயோமி பிற்பாடு தன் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். இது எனக்கு ரொம்பவே முக்கியமாகப் படுகிறது. பழைய சபாத்தின் பாட்டு வரிகளைப் பெரும்பாலும் எழுதியவர் பேஸ் கிட்டார் வாசித்த கீஸர் பட்லர். அவர் எழுதியதில் போருக்கு அனுப்பப்படும் ஏழைகளும், போதையும், அணுகுண்டு பயமும் உண்டு. சாத்தான் வந்தாலும் பெரும்பாலும் வேறு யாரையோ சுட்டிக்காட்டத்தான் வருவான். வெளியிலிருந்து வந்தவருக்கு அதெல்லாம் தெரிய வாய்ப்பில்லை, அவருக்குத் தெரிந்தது பலகையில் இருந்த பெயர். அந்தப் பெயருக்கு அவர் விசுவாசமாக வேலை பார்த்தார். உள்ளே இருந்தவர்களைவிடக் கூடுதலாகவே சபாத்தாக இருக்கப் பார்த்தார். மாற்று ஆட்களுக்கு எப்போதும் நேர்வது இது.

தேசிய சேவையில் என்னோடு பங்க்கில் இருந்த மலாய் நண்பர் ஒருவருக்கு இந்தக் கதையெல்லாம் சொல்லவே வேண்டாம். மலேசிய ராக் குழுவான விங்ஸில் பாடகர் அவீ விலகி மெல் பாட வந்ததை அவர் எங்களிடம் வீட்டுப் பிரச்சினை போலப் பேசுவார். மெல்லுக்குக் குரல் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது என்பார். எனக்கு அவரிடம் பிடித்தது, அவர் இரண்டு கேசட்டையும் வைத்திருந்தார் என்பதுதான்.

சரி, எல்லாமே நல்லதா?

இல்லை. மார்ட்டின் பக்கம் நிற்பவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஹெட்லெஸ் கிராஸ் முழுசாக நிற்கிறது. எடர்னல் ஐடலும் பரவாயில்லை ரகத்துக்கு மேல். டிர் பாதி அபாரம், பாதி இழுவை. கிராஸ் பர்ப்பசஸ் எனக்குப் பிடிக்கும், 1994-இல் வந்த அதில் கீஸர் பேஸ் வாசித்ததால் அடிப்பக்கம் கனமாக இருக்கிறது. 1995-இல் வந்த ஃபர்பிடன்தான் தலைவலி. பாடி கவுன்ட் குழுவின் கிட்டார்காரர் எர்னி சி தயாரித்தது. முதல் பாட்டில் அதே குழுவின் ராப் பாடகர் ஐஸ்-டி வந்து நடுவில் பேசிவிட்டுப் போகிறார். அட்டையில் கார்ட்டூன். டிரம்ஸ் கோஸி பவல், அவர் அடித்தால் சுவர் அதிர வேண்டும், இதில் அட்டைப்பெட்டியைத் தட்டுகிற மாதிரி கேட்டது. வாங்கிய நாளில் நான் ஒரு தடவை கேட்டு அலமாரியில் வைத்தேன்.

பெட்டிக்காக அயோமியே ஃபர்பிடனை மறுபடி கலவை செய்திருக்கிறார். மற்ற மூன்றையும் துடைத்துத்தான் கொடுத்தார்கள், இதை மட்டும் பிரித்து மேய்ந்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் ரயிலில் ஹெட்போனில் கேட்டேன். உண்மையாகவே வேறு ஆல்பம். கிட்டார் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது, டிரம்ஸுக்கு உடம்பு வந்திருக்கிறது, மார்ட்டினின் குரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று இருக்கிறது. பீஷான் தாண்டும் வரை "அடடா, இத்தனை வருஷம் அநியாயம் பண்ணிட்டோமே" என்றுகூட நினைத்தேன். ஆனால் டோபி காட்டில் இறங்கும்போது ஒரு மெட்டும் நினைவில் இல்லை. சத்தம் சரியாகிவிட்டது, பாட்டுகள் அதே பாட்டுகள்தான். இதையும் "மறைக்கப்பட்ட பொக்கிஷம்" என்று இப்போது விற்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நல்லதை நல்லது என்று ஒத்துக்கொள்ள வைக்க, சுமாரையும் சேர்த்துத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் மார்ட்டினுக்கு நடந்தது மரியாதையான விஷயம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1989 அமெரிக்கப் பயணம் சரியாகப் போகாமல் சில நிகழ்ச்சிகளோடு நின்றது. ஆனால் அதே வருடம் மாஸ்கோவிலும் லெனின்கிராடிலும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மேடை ஏறினார்கள். பிறகு டியோ திரும்புகிறார் என்று மார்ட்டினை அனுப்பினார்கள். 1992-இல் டீஹியூமனைசர் வந்தது, நல்ல ஆல்பம். அந்த வருடம் நவம்பரில் கோஸ்டா மெசாவில் ஓஸியின் நிகழ்ச்சிக்கு முன்னால் வாசிக்க டியோ மாட்டேன் என்றதும், ஜூடாஸ் பிரீஸ்ட்டின் ராப் ஹால்ஃபோர்டைக் கூப்பிட்டு இரண்டு ராத்திரி சமாளித்தார்கள். டியோ போனதும் மார்ட்டினை மறுபடி அழைத்தார்கள். ஓஸி திரும்பியதும் மறுபடி விட்டார்கள். 2006-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது ஆரம்ப நால்வர் மட்டும். டியோவுக்கே இடமில்லை, மார்ட்டினை யார் கேட்கப் போகிறார்கள்.

மற்றதெல்லாம்

2025 ஜூலை 5, பர்மிங்காம் வில்லா பார்க்கில் ஓஸியின் கடைசி நிகழ்ச்சி. இங்கே எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமைக் காலை வரை இழுத்தது. தேசிய சேவைக் காலத்து நண்பன் ஒருவன் பொங்கோலில் இருக்கிறான், அவன் வீட்டில் உட்கார்ந்து விடிய விடியப் பார்த்தோம். அவன் மனைவி ஒரு தடவை எட்டிப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் வயசு என்னாச்சு" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். மெட்டாலிகா, ஸ்லேயர், டூல் என்று குழு குழுவாக வந்து சபாத் பாட்டும் ஓஸி பாட்டும் வாசித்தார்கள். கடைசியில் ஓஸி கறுப்புச் சிம்மாசனத்தில் மேலே வந்தார். எழுந்து நிற்க முடியவில்லை. நிற்க முயன்றுகொண்டே இருந்தார். தன் தனிப் பாட்டுகளை முடித்த பிறகு அயோமி, கீஸர், ஆரம்பகால டிரம்மர் பில் வார்ட் மூவரும் வந்தார்கள், நால்வருமாக நான்கு பாட்டு. நண்பன் அழுதான், நானும்தான். பாரனாய்ட் முடிந்து வாணவேடிக்கை போனதும் அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "இதான்டா சபாத். மத்ததெல்லாம் கணக்குல வராது லா."

அந்த நேரத்தில் நான் வாதாடவில்லை. அந்த ராத்திரி முழுக்க யாரும் மார்ட்டின் காலத்துப் பாட்டு ஒன்றும் தொடவில்லை, டியோ பாட்டும் இல்லை. ஓஸியை வழியனுப்பும் மேடையில் அதுதான் நியாயம். பதினேழு நாட்களில், ஜூலை 22 அன்று, ஓஸி போய்விட்டார். அப்புறம் எப்படி வாதாடுவது? ஆனாலும் "மத்ததெல்லாம்" என்ற ஒற்றைச் சொல் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஏனென்றால் அன்று அவன் போட்டிருந்த சட்டை சபாத்தின் 2017 விடைபெறும் பயணத்துச் சட்டை. அந்தப் பயணத்தில் டிரம்ஸ் வாசித்தவர் டாமி குளுஃபெட்டோஸ். அதற்கு முன் 2013-இல் வந்த 'பதின்மூன்று' ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் பிராட் வில்க். பில் வார்ட் இரண்டிலும் இல்லை. 2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்காமில் "கடைசி நிகழ்ச்சி" என்று வாசித்தபோதும் அவர் இல்லை. முணுமுணுத்தவர்கள் உண்டு, ஆனால் அந்த ஆல்பத்தையோ அந்த நிகழ்ச்சியையோ கணக்கிலிருந்து எடு என்று என் நண்பன் ஒருநாளும் சொன்னதில்லை, சட்டை வாங்கினான். பில் வார்ட் ஜாஸ் கேட்டு வளர்ந்த ஆள், தாளத்தை நேராக அடிக்காமல் ஊஞ்சல் போல ஆட்டுவார், பழைய ஆல்பங்களின் பாதி உயிர் அந்த ஆட்டத்தில் இருக்கிறது. எனக்குக் கேட்டால் 2013 ஆல்பத்தில் ஓஸி இருந்தும் ஏதோ குறைவதற்குக் காரணம் அதுதான். ஆக டிரம்மர் மாறினால் அசல், பாடகர் மாறினால் போலி. மேடையின் பின்பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்றைக்கும் இதே கதிதான். ஜெஃப் நிக்கல்ஸ் இருபது வருடத்துக்கு மேல் சபாத்துக்குக் கீபோர்டு வாசித்தார், பல நேரம் மேடைக்கே வராமல் ஓரத்தில் மறைந்து நின்று. அவரைக் கணக்கில் சேர்ப்பதா என்று யாரும் சண்டைகூடப் போட்டதில்லை.

போன மாதம் நண்பனுக்கு ஹெட்லெஸ் கிராஸ் இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஒரு வார்த்தையும் எழுதாமல் விட்டேன். மூன்று நாள் பதில் இல்லை. அப்புறம் ஒரு மதியம் வந்தது: "டிரம்ஸ் செம." அது கோஸி பவல், சபாத்துக்குப் புதுசு என்றேன். "பேஸும் நல்லாருக்கு." அது லாரன்ஸ் காட்டில், அந்த ஆல்பத்துக்காக மட்டும் கூப்பிட்ட ஆள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. "பாடறவன் ஓவரா கத்துறான், ஆனா ஒரு பாட்டு மட்டும் ஓகே மச்சான். வென் டெத் கால்ஸ். அதுல வர்ற கிட்டார் சோலோ இருக்கே, பக்கா சபாத்." அந்த சோலோவை வாசித்தது குவீன் குழுவின் பிரையன் மே. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.